உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர்: பிணைக்கைதி மீட்புப் படங்களும் நெல்லைப் பார்வையாளர் கணக்கும்

பிணைக்கைதிகளை மீட்கும் படம் ஒன்று ஓடும் வாரத்தில், நெல்லை சந்திப்புப் பக்கமோ வண்ணார்பேட்டைப் பக்கமோ செகண்ட் ஷோ விட்டு வரும் கூட்டத்தின் பேச்சைக் கவனித்தால் மூன்று கருத்துகள்தான் சுற்றிச் சுற்றி வரும். "முத பாதி தீயா இருக்கு, ரெண்டாம் பாதி இழுவ" என்பது ஒன்று. "சண்டையெல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கான், லாஜிக்தான் இல்ல" என்பது இன்னொன்று. மூன்றாவதைக் குடும்பத்தோடு வந்தவர்கள் சொல்வார்கள்: "உள்ள மாட்டுனவங்க ஒருத்தரும் மனசுல நிக்க மாட்டேங்காவ."

மூன்றும் வெவ்வேறு குறைகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே குறைதான். இந்த வகைப் படம் முதல் 20 நிமிடத்திலேயே பார்வையாளர் கையில் ஒரு கணக்கைக் கொடுத்துவிடுகிறது. உள்ளே இத்தனை உயிர், இத்தனை துப்பாக்கி, இத்தனை வாசல், இத்தனை மணி நேரம் கெடு. அதன் பிறகு பார்க்கிறவர் தன்னை அறியாமலே எண்ணிக்கொண்டிருக்கிறார். கணக்கு எங்கே பிசகுகிறதோ அங்கே படம் அவரை இழக்கிறது. கதாநாயகன் மூன்றாவது மாடியிலிருந்து குதித்து எழுந்து நடந்தால் விசில் அடிக்கிற அதே ஆள், வாசலில் நின்ற நாலு பேர் அடுத்த காட்சியில் எங்கே போனார்கள் என்று கேட்கிறார். முதலாவது, நாயகனின் பலம் பற்றி அவர் விரும்பி ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். இரண்டாவதில் படம் தானே போட்ட கணக்கை மீறுகிறது. "லாஜிக் இல்ல" என்று அவர் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். விமர்சனம் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

உண்மையில் நடந்த மீட்பு நடவடிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பார்வையாளரின் குறைகளில் எவை நியாயமானவை, எவை படத்துக்குச் செய்யும் அநியாயம் என்பது பிடிபடும்.

தோட்டாவிலிருந்து தொடங்கலாம். அதிகம் பேசப்படுவது அதுதான். ஏகே 47 துப்பாக்கியின் வழக்கமான மேகசினில் 30 தோட்டா. விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்குச் சுமார் 600 என்ற வேகத்தில் சுடும். அதாவது 3 விநாடியில் மேகசின் காலி. கமாண்டோ படைகள் பல காலம் பயன்படுத்திய எம்.பி.5 துப்பாக்கியின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 800. அதில் 30 தோட்டா இரண்டே கால் விநாடிக்குத்தான் வரும். திரையில் ஒருவன் மூச்சு விடாமல் அரை நிமிடம் சுட்டால் பத்து மேகசின் மாற்றியிருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் அப்படிச் சுடுவதே இல்லை. ஒவ்வொன்றாக, அல்லது இரண்டிரண்டாக, குறி பார்த்துத்தான் சுடுவார்கள். அறைக்குள் பிணைக்கைதிகள் இருக்கிறார்கள் என்பதுதான் காரணம். சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வொரு தோட்டாவும் அவர்களில் ஒருவரைத் தேடிப் போகக்கூடியது.

சைலன்சர் மாட்டினால் "புஸ்" என்று ஒரு சத்தம் மட்டும் வருவதும் சினிமாவின் கண்டுபிடிப்பு. துப்பாக்கிச் சத்தம் சுமார் 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சமும் பக்கத்து அறைக்குக் கேட்கிற சத்தம்தான். பக்கத்தில் நிற்பவன் திரும்பிப் பார்க்காமல் இருக்க மாட்டான்.

கண்ணைக் கூசவைத்துக் காதை அடைக்கும் ஒளிக்குண்டு இன்னொரு சிக்கல். 170 டெசிபலுக்கு மேல் சத்தம், சில விநாடிகள் பார்வையே இல்லாமல் போகும் அளவு வெளிச்சம். அந்தச் சில விநாடிகள்தான் உள்ளே நுழைகிறவனுக்குக் கிடைக்கும் மூலதனம். பெரும்பாலான படங்களில் குண்டு வெடித்த பிறகு நாயகன் நிதானமாக நடந்து வருவான். எதிரி ஒரு நிமிடம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பான். இது வெறும் சத்த வெளிச்சக் கருவியும் அல்ல, தீ வைக்கக்கூடியது. 1980 மே 5-ல் லண்டன் இரானியத் தூதரகத்துக்குள் பிணைக்கைதிகளை மீட்க பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். படை நுழைந்தபோது இந்தக் குண்டுகளால் திரைச்சீலைகள் பற்றி எரிந்தன. பின்பக்கம் கயிற்றில் இறங்கிய ஒரு வீரர் கயிறு சிக்கி ஜன்னலுக்கு வெளியே தொங்க, கீழிருந்து வந்த தீ அவர் காலைச் சுட்டது. அவர் தொங்குவதால் அந்தப் பக்க ஜன்னலை வெடி வைத்துத் தகர்க்க முடியவில்லை. சம்மட்டியால் உடைத்து உள்ளே போனார்கள். உலகின் மிகச் சிறந்த படைகளில் ஒன்று, நாள் கணக்கில் ஒத்திகை பார்த்த பிறகு நடந்தது இது. ஒரு கயிறு சிக்குவதைக் காட்டும் படத்தைப் பார்வையாளர் அப்படியே நம்பிவிடுவார். எல்லாமே வழுக்கிக்கொண்டு போகும்போதுதான் அவருக்குச் சந்தேகம் வருகிறது.

கடிகாரம்

"போலீஸ் இவ்வளவு நேரம் என்ன செய்யுது?" என்பது அரங்கிலேயே சத்தமாகக் கேட்கிற கேள்வி. தூரமும் நேரமும் தெரிந்தால் இந்தக் கேள்வி தானே மாறிவிடும்.

1999 டிசம்பர் 24 மாலை. காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் ஐசி 814 கடத்தப்பட்டு அமிர்தசரஸில் இறங்கியது. ஏறத்தாழ 45 முதல் 50 நிமிடம் தரையில் நின்றது. எரிபொருள் வண்டியால் ஓடுபாதையை மறித்து நிறுத்தலாம் என்ற யோசனை கைகூடவில்லை. தேசியப் பாதுகாப்புப் படையினர் வந்து சேரும் முன் விமானம் லாகூருக்குக் கிளம்பிவிட்டது. அங்கிருந்து துபாய், பிறகு கந்தஹார். துபாயில் 27 பேர் விடுவிக்கப்பட்டார்கள். ரூபின் கத்யால் என்ற இளைஞரின் உடலும் அங்கேதான் இறக்கப்பட்டது. டிசம்பர் 31-ல் மூன்று தீவிரவாதிகளைச் சிறையிலிருந்து விடுவித்த பிறகே மற்ற பயணிகள் வீடு திரும்பினார்கள். அமிர்தசரஸில் நின்ற அந்த முக்கால் மணி நேரத்தை நாடு இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது. அதே அமிர்தசரஸில் 1993 ஏப்ரலில் கடத்தப்பட்ட இன்னொரு விமானத்துக்குள் அதே படை நள்ளிரவு தாண்டி நுழைந்து, சில நிமிடங்களில் பயணிகள் அத்தனை பேரையும் மீட்டிருந்தது. படை ஒன்றுதான். 1993-ல் அவர்கள் வந்து சேரும் வரை விமானம் நின்றது, 1999-ல் நிற்கவில்லை.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது அந்தப் படையின் இருப்பிடம் ஹரியானா மாநிலம் மானேசர். ஆட்களை ஏற்றும் பெரிய விமானமோ சண்டிகரில் இருந்தது. மறுநாள் காலைதான் அவர்களால் வேலையைத் தொடங்க முடிந்தது. அதற்குப் பிறகுதான் 2009-ல் சென்னை, மும்பை, ஹைதராபாத், கொல்கத்தா ஆகிய ஊர்களில் கிளைத் தளங்கள் திறக்கப்பட்டன.

இதை நம் ஊருக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கதை பாளையங்கோட்டையில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னைத் தளத்திலிருந்து சாலை வழி 600 கிலோமீட்டருக்கு மேல். விமானம் என்றால் வாகைக்குளம் விமான நிலையம் வரை ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து நெல்லைக்குச் சுமார் 35 கிலோமீட்டர். உத்தரவு வந்து, ஆள் கூடி, ஆயுதம் ஏற்றுவதையும் சேர்த்தால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அதுவரை சம்பவ இடத்தில் நிற்கப்போவது அந்தச் சரகக் காவல் நிலையத்தார், மாநகர ஆயுதப்படை, ஒரு மணி நேரத் தூரத்தில் மணிமுத்தாறிலிருந்து வரக்கூடிய சிறப்புக் காவல் படையினர். இவர்களுடைய முதல் வேலை சண்டை போடுவது அல்ல. உள்வளையம் ஒன்று, வெளிவளையம் ஒன்று போட்டு, உள்ளிருப்பவன் வெளியே வராமலும் வெளியிலிருப்பவன் வேடிக்கை பார்க்க உள்ளே போகாமலும் பார்த்துக்கொள்வது. முதல் ஆளாக வந்த ஏட்டையாவைக் கோமாளியாக்குகிற படங்கள் இந்த நாலு மணி நேரத்தைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. பதற்றம் முழுக்க இருப்பது அந்த நேரத்துக்குள்தான் என்று தெரிந்த இயக்குநர் முதல் பாதியை அதை வைத்தே நடத்திவிடலாம்.

வாசல் தெரியாத சண்டை

இரண்டாம் பாதி இழுவை என்ற குறைக்கு வருவோம். திரைக்கதை நீளம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இடக்குழப்பம். கட்டடத்துக்கு எத்தனை வாசல், படிக்கட்டு எந்தப் பக்கம், கைதிகள் எந்தத் தளத்தில், துப்பாக்கிக்காரர்கள் எங்கெங்கே என்பது இடைவேளைக்கு முன் பார்வையாளர் மனதில் பதியாவிட்டால், பிறகு வரும் சண்டை அவருக்கு வெறும் ஓட்டமும் சத்தமும்தான். அடுத்து யார் எங்கிருந்து வருவான் என்று ஊகிக்க முடிந்தால்தான் பயம் வரும். ஊகிக்க வழியில்லாத இடத்தில் அலுப்பு வருகிறது. கை தானாகச் செல்போனுக்குப் போகிறது.

உண்மையான நடவடிக்கைகளில் பாதி வேலை இந்த வரைபடம்தான். 1976 ஜூன் 27-ல் கடத்தப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானம் உகாண்டாவின் என்டபேயில் இறக்கப்பட்டபோது, இஸ்ரேலியர்களுக்கு அந்தப் பழைய முனையத்தின் வரைபடம் கிடைத்தது. அதைக் கட்டிய வேலையில் ஓர் இஸ்ரேலிய நிறுவனத்துக்குப் பங்கு இருந்ததுதான் காரணம். கடத்தல்காரர்கள் முன்கூட்டியே விடுவித்த பயணிகளிடம் விசாரித்து, உள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு ஒத்திகை. ஜூலை 3 நள்ளிரவை ஒட்டி நான்கு ஹெர்குலிஸ் விமானங்கள் ஏறத்தாழ 4000 கிலோமீட்டர் பறந்து அங்கே இறங்கின. முதல் விமானத்திலிருந்து ஒரு கறுப்பு மெர்சிடிஸ் கார் இறங்கி ஓடியது, உகாண்டா அதிபர் இடி அமீனே வருகிறார் என்று காவலர்கள் நம்புவதற்காக. காவலர்கள் நம்பவில்லை, மறித்தார்கள். சுட நேர்ந்தது, திட்டமிட்ட இடத்துக்கு முன்பே சத்தம் கிளம்பிவிட்டது. அப்படியும் 102 பேரை உயிரோடு கொண்டுவந்தார்கள்.

வேடமிட்டுப் போய் மீட்கும் வித்தைக்கு இந்த ஊர்க்காரர்கள் என்டபே வரை போக வேண்டியதில்லை. 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பின் ஊமைத்துரை உள்ளிட்டோர் பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள். 1801 பிப்ரவரி 2-ம் தேதி மாலை, வெளியிலிருந்து மாறுவேடத்தில் வந்த ஆட்களின் துணையோடு காவலர்களை மடக்கி வெளியேறினார்கள். கும்பினி அதிகாரிகள் அந்த நேரம் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தார்கள். கைதிகளுக்கு அம்மை கண்டதால் சில நாட்களுக்கு முன்புதான் விலங்குகள் கழற்றப்பட்டிருந்தன. இரவோடு இரவாகப் பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள், சுமார் 30 மைல். காவலின் பலவீனம், நேரம், வேடம், தப்பும் வழி, போய்ச் சேரும் இடம் என்று மீட்புக் கதைக்கு வேண்டிய ஐந்தும் அந்த ஒரே மாலையில் இருக்கின்றன. இவற்றில் தமிழ்ப் படங்கள் அதிகம் கோட்டைவிடுவது நான்காவதை. உள்ளே போவதற்கு அரை மணி நேரம் செலவழிப்பார்கள். கைதிகளோடு வெளியே வருவது எப்படி என்பதை ஒரே வெட்டில் தாண்டிவிடுவார்கள். ஐம்பது அறுபது பேரை, அதில் நடக்க முடியாதவர்களும் குழந்தைகளும் உண்டு, எந்த வழியாக எந்த வரிசையில் கொண்டுவருவது என்பது நுழைவதை விடக் கடினமான சோலி.

இதை ஜெர்மனி மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்களைப் பிடித்து வைத்தவர்கள் 8 பேர். விமானதளத்தில் காத்திருந்த குறிபார்த்துச் சுடுபவர்கள் 5 பேர். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வானொலிக் கருவிகூட அவர்களிடம் இல்லை. எட்டுக்கு ஐந்து என்ற கணக்கிலேயே முடிவு எழுதப்பட்டுவிட்டது. பிணைக்கைதிகள் ஒருவரும் பிழைக்கவில்லை; முதலிலேயே கொல்லப்பட்ட இருவரையும் சேர்த்து 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட ஜி.எஸ்.ஜி. 9 படை 1977 அக்டோபர் 18-ல் மொகதிஷுவில் கடத்தப்பட்டு நின்ற லுஃப்தான்சா விமானத்துக்குள் நுழைந்தபோது, முதலில் விமானத்துக்கு முன்னால் தூரத்தில் ஒரு தீ மூட்டப்பட்டது. என்னவென்று பார்க்கக் கடத்தல்காரர்கள் விமானி அறைப் பக்கம் போனார்கள். அதே நேரம் பின்னாலும் இறக்கை மேலும் ஏணி வைத்துக் கதவுகளைத் திறந்தார்கள். 86 பயணிகளும் உயிரோடு வந்தார்கள். ஒரு தீயால் எதிரியை இடம் மாற்றுவது! இவ்வளவு எளிமையான, கண்ணுக்குத் தெரிகிற உபாயத்தைத் திரையில் வைத்தால் நம் ஊர் அரங்கு எழுந்து நின்று கைதட்டும். கணினியைத் தட்டிக் கதவு திறக்கும் காட்சிக்கு அந்தக் கைதட்டல் வருவதில்லை.

பேச்சு இழுவை அல்ல

பார்வையாளர் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் ஒன்று உண்டு. "இடைவேள வரைக்கும் போன்லயே பேசிக்கிட்டு கெடக்கான்" என்ற குறை. மீட்பின் நடுநாடி அந்தப் பேச்சுதான். அதைச் சலிப்பாக எழுதியிருந்தால் தவறு எழுதியவருடையது. பேச்சுக் காட்சியே வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது.

பேச்சுவார்த்தைக்கு இலக்கணம் உண்டு. 1973-ல் நியூயார்க் காவல்துறை இதற்கென்று தனிக்குழு அமைத்து வகுத்த முறைகளை உலகம் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். முதல் விதி: பேசுபவர் முடிவெடுப்பவராக இருக்கக் கூடாது. "மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒவ்வொரு முறையும் நேரம் வாங்க முடிய வேண்டும். நம் படங்களில் அமைச்சரே போனை வாங்கிக் கடத்தல்காரனைத் திட்டுகிறார். அந்த நொடியில் நேரம் வாங்கும் வாய்ப்பு போய்விடுகிறது. இரண்டாவது, எதையும் சும்மா கொடுக்கக் கூடாது. சாப்பாடு அனுப்பினால் ஒரு நோயாளியை வெளியே கேட்க வேண்டும். மூன்றாவது, கெடு வைத்த நேரம் வரும்போது அவனைப் பேச்சிலேயே வைத்திருக்க வேண்டும். கெடு ஒரு முறை சத்தமில்லாமல் கடந்து போனால் அடுத்த கெடுவுக்குப் பலம் குறைவு. நான்காவது, பேசும் நேரத்தில் மற்றவர்கள் வேறு வேலை பார்க்க வேண்டும். லண்டன் தூதரகத்தில் சுவரைத் துளைத்து ஒலிவாங்கி வைத்தபோது அந்தச் சத்தம் கேட்காமலிருக்க, விமானங்களைத் தாழ்வாகப் பறக்கவைத்தார்கள். பக்கத்துத் தெருவில் எரிவாயுக் குழாய் வேலை நடப்பதுபோல் ரோட்டைத் தோண்டினார்கள். பேச்சும் துளைப்பும் ஒரே காட்சியில் மாறி மாறி வந்தால் அதை யார் இழுவை என்பார்கள்?

பேச்சு மட்டுமே மீட்டதும் உண்டு. 2000 ஜூலை 30 இரவு கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப்போனதும், தூதுவர்கள் காட்டுக்குள் போய் வந்ததும், ஒலிநாடாவில் கோரிக்கைகள் வந்ததும் நடுத்தர வயதுத் தமிழர் எல்லோருக்கும் நினைவிருக்கும். 108 நாள் கழித்து நவம்பர் 15-ல் அவர் உயிரோடு வந்தார். 2002-ல் அதே வீரப்பன் கடத்திய முன்னாள் அமைச்சர் நாகப்பா அந்த டிசம்பரில் பிணமாகத்தான் கிடைத்தார். முதல் கதையின் முடிவைப் பார்த்துவிட்டு இரண்டாவதையும் அப்படியே எதிர்பார்க்க முடியாது என்பதுதான் இந்த வேலையின் கொடுமை. படம் அதைத் தொட்டால் போதும், பின்னணி இசை தேவையில்லை.

தொலைக்காட்சி நிருபர் பாத்திரம் மீது வரும் எரிச்சல் நியாயமானதே. மியூனிக்கில் கூரையில் ஏறிய போலீசாரை உள்ளிருந்தவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மும்பையிலும் நேரலை பெரிய கேடு செய்தது. 2015 மார்ச்சில் கேபிள் தொலைக்காட்சி விதிகளைத் திருத்தி, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, குறித்த அதிகாரி அவ்வப்போது தரும் செய்தி மட்டுமே என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகு நடப்பதாகச் சொல்லும் கதையிலும் கமாண்டோ கயிற்றில் இறங்குவதை நேரலையில் காட்டுவது சோம்பல் எழுத்து.

கடத்தல்காரனை எப்போதும் ஒரே மதத்தின் அடையாளத்தோடு காட்டுவது பற்றி, முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்துப் பார்வையாளர்கள் வருத்தப்படுவதை, படத்துக்கு வெளியே உள்ள அரசியல் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அது தவறு. முதலில் அது மனிதர்களைக் காயப்படுத்துகிறது. அடுத்து, கதைத் தொழிலாகப் பார்த்தாலும் அது ஓட்டை. தாடியும் உடையும் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிற எழுத்தாளர், அவனுக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதை நிறுத்திவிடுகிறார். லண்டனில் நுழைந்த ஆறு பேர் கேட்டது இரானின் ஒரு மாகாணத்துச் சிறைகளில் இருந்த 91 பேரின் விடுதலை. என்டபே விமானத்தைக் கடத்திய நால்வரில் இருவர் ஜெர்மானியர்கள், ஒருவர் பெண். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் வங்கியில் நாலு பேரை ஆறு நாள் அடைத்துவைத்தவன் சாதாரணக் கொள்ளைக்காரன். கோரிக்கை துல்லியமாக இருந்தால்தான் பேரம் பேச முடியும். பேரம் இருந்தால்தான் கதை.

முகம்

கடைசியாக, உள்ளே மாட்டியவர்கள். ஸ்டாக்ஹோமில் அந்தக் கைதிகள் வெளியே இருந்த போலீசை நினைத்துத்தான் அதிகம் பயந்தார்கள். அவர்களில் ஒரு பெண் பிரதமருக்கே போன் போட்டு, கொள்ளைக்காரனோடு வெளியே போக விடுங்கள் என்று வாதாடினார். லண்டன் தூதரகத்தில் மாட்டிக்கொண்ட ஒரு காவலர், தன் கோட்டுக்குள் ரிவால்வரை ஆறு நாளும் மறைத்தே வைத்திருந்தார். சூடாக இருந்தாலும் கோட்டைக் கழற்றவில்லை. இப்படி ஒரு மனிதர் இருந்தால் படத்துக்குக் கூட்டத்தில் ஐம்பது துணை நடிகர்கள் வேண்டாம். நம் படங்களில் கைதிகள் இரண்டு வகை: அழுகிறவர்கள், நகைச்சுவை செய்கிறவர்கள். ஆறு மணி நேரம் அடைபட்டவருக்கு மருந்து, தண்ணீர், கழிப்பறை என்று எதுவுமே தேவைப்படுவதில்லை. சர்க்கரை நோயாளி ஒருவர் ஊசிக்கு நேரம் பார்க்கிற காட்சி ஒன்றை வைத்தால், எல்லா வீட்டிலும் ஒரு சர்க்கரை நோயாளி இருக்கிற ஊரில், கடிகாரத்தைத் தனியாகக் காட்ட வேண்டியதே இல்லை.

1992-ல் வந்த 'ரோஜா' இத்தனை ஆண்டு கழித்தும் இந்த வட்டாரத்தில் பேசப்படுவதற்குக் கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம் என்பது மட்டும் காரணம் அல்ல. கடத்தல் கதையை அது துப்பாக்கி பிடித்தவன் பக்கமிருந்து சொல்லவில்லை. மொழி தெரியாத ஊரில் ஒவ்வொரு அலுவலக வாசலாக ஏறி இறங்கும் மனைவி பக்கமிருந்து சொன்னது. படையெடுத்து நுழைகிற மீட்புக் காட்சியே அதில் கிடையாது.

மீட்பு முடிந்ததும் கட்டிப்பிடித்து அழும் காட்சி வரும். நடைமுறை வேறு. வெளியே கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரும் முதலில் சந்தேகத்துக்குரியவர். லண்டனில் கைதிகளைப் பின்புறப் புல்வெளியில் குப்புறப் படுக்கவைத்துக் கைகளைக் கட்டினார்கள். ஆறாவது துப்பாக்கிக்காரன் அவர்களோடு கலந்து வெளியே வந்து, அங்கேதான் அடையாளம் காட்டப்பட்டான். தலை எண்ணுவது கடைசி வேலை. அதை முடிக்காமல் நடவடிக்கை முடிந்ததாகச் சொல்வதில்லை.

அதனால்தான் படம் விட்டு வரும் படிக்கட்டில் "அந்த ஆச்சி என்ன ஆனாவ?" என்று யாராவது கேட்டால், அது அப்பாவித்தனமான கேள்வி அல்ல. முதல் பாதியில் கைப்பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்த கிழவியைக் கடைசி வரை காணவில்லை என்றால் கேட்கத்தான் செய்வார்கள். என்டபேயிலும் ஓர் ஆச்சி இருந்தார். டோரா பிளாக் என்று பெயர், எழுபதைத் தாண்டியவர். உடம்புக்கு முடியாமல் போய்க் கம்பாலா மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். விமானங்கள் 102 பேரோடு திரும்பிய இரவில் அவர் அங்கேதான் படுத்திருந்தார். பிறகு இடி அமீனின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள். உடல் கிடைத்தது 1979-ல், அமீன் வீழ்ந்த பிறகு.